அத்தை மகன் ஏன் அண்ணன் இல்லை? மானிடவியல் படிக்க நினைப்பவர்களுக்கு ஓர் அறிமுகம்

முதுகலை மானிடவியலில் சேர்ந்த முதல் வாரம். ஆசிரியை ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கணவன் மனைவிக்கு நடுவே சமக்குறி, உடன்பிறந்தவர்களை இணைக்க மேலே ஒரு படுக்கைக் கோடு, இறந்தவர் மேல் ஒரு குறுக்குக் கீற்று. விதி அவ்வளவுதான். மூன்று தலைமுறைக்கு உங்கள் குடும்பத்தை வரையுங்கள், ஒவ்வொருவரையும் என்ன முறை சொல்லி அழைக்கிறீர்களோ அதை அடியில் எழுதுங்கள் என்றார். பாலர் பள்ளி வேலை என்று எனக்குத் தோன்றியது. இருபது நிமிடத்தில் முடித்து நீட்டினேன்.

அவர் என் தாளில் இரண்டு முக்கோணங்களைப் பேனாவால் தொட்டார். ஒன்று அம்மாவின் அக்கா மகன். அடியில் 'அண்ணன்' என்று எழுதியிருந்தேன். இன்னொன்று அப்பாவின் அக்கா மகன், அடியில் 'அத்தான்'. இருவரும் உங்களைவிட மூத்தவர்கள், இருவரும் பெற்றோரின் உடன்பிறந்தவருக்குப் பிறந்தவர்கள், இரத்தம் என்று பார்த்தால் இருவரும் உங்களுக்குச் சம தூரம், பிறகு ஏன் ஒருவர் அண்ணன், ஒருவர் அத்தான் என்று கேட்டார்.

"அது அப்படித்தான், மேடம்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு அந்த ஒரு பதிலை மட்டும் இந்த வகுப்பில் சொல்லக் கூடாது என்றார்.

மானிடவியல் என்றால் என்ன என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். அதற்கு முன் அவர்கள் வழக்கமாக இரண்டு ஊகங்களைச் சொல்லிவிடுவார்கள். ஒன்று, எலும்பு தோண்டுவது. இன்னொன்று, மலைவாழ் மக்களைப் படம் எடுப்பது. இரண்டுமே முழுப் பொய் இல்லை என்பதுதான் சங்கடம். நம் நாட்டுப் பல்கலைக்கழகத் துறைகளில் மானிடவியல் என்பது ஒரு கூட்டுக் குடும்பம்: மனித உடலையும் பரிணாமத்தையும் படிக்கும் உடல்சார் மானிடவியல், தொல்பொருள், மொழி, பிறகு சமூகப் பண்பாட்டு மானிடவியல். முதல் ஆண்டில் மண்டையோட்டை அளக்கும் செய்முறைத் தேர்வும் எழுதியிருக்கிறேன், சடங்குகள் பற்றிய கட்டுரையும் எழுதியிருக்கிறேன். பிரிட்டனில் 'சமூக மானிடவியல்' தனித் துறையாக வளர்ந்தது; அமெரிக்காவில் 'பண்பாட்டு மானிடவியல்' என்று பெயர். இந்தியாவில் இரண்டு பெயர்களையும் ஒட்டிச் சேர்த்து வைத்துக்கொண்டோம். இங்கே நான் பேசப்போவது இந்தக் கடைசிப் பிரிவைப் பற்றி மட்டும்.

சமூகவியலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வி நேர்முகத் தேர்வுகளில் தவறாமல் வரும். பழைய பதில், சமூகவியல் தன் சமூகத்தைப் படிக்கும், மானிடவியல் அடுத்தவர் சமூகத்தைப் படிக்கும் என்பது. இந்தியாவில் அந்தக் கோடு என்றைக்குமே நிற்கவில்லை. 1948இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்த எம்.என். ஸ்ரீனிவாஸ் படித்த முறை மானிடவியல். பின்னாளில் தில்லியில் அவர் தொடங்கி வளர்த்த துறையின் பெயர் சமூகவியல். என் கணக்கில் வேறுபாடு பொருளில் இல்லை, பொறுமையில் இருக்கிறது. ஆயிரம் பேரிடம் ஆளுக்குப் பத்து நிமிடம் கேட்பது ஒரு வழி. பத்துக் குடும்பங்களோடு ஓர் ஆண்டு இருப்பது இன்னொரு வழி. மானிடவியல் இரண்டாவதில் பந்தயம் கட்டுகிறது.

அண்ணன் அத்தான் கேள்விக்கு வருவோம். இந்தத் துறையின் பிறப்புக் கதையிலேயே நம் உறவுமுறைச் சொற்களுக்கு ஓர் இடம் உண்டு.

லூயிஸ் ஹென்றி மார்கன் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் வக்கீல். அருகில் வாழ்ந்த இரோக்வா பழங்குடி மக்களில் ஒரு பிரிவினரான செனெகாக்களோடு பழகியவர். அவர்களிடம் அவருக்கு ஒரு வினோதம் தென்பட்டது: அப்பாவின் சகோதரரும் 'அப்பா', அம்மாவின் சகோதரியும் 'அம்மா', ஆனால் அம்மாவின் சகோதரருக்கு வேறு சொல், அப்பாவின் சகோதரிக்கு வேறு சொல். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இதில் என்ன வினோதம்? ஆங்கிலம் பேசுபவர்களுக்கு இது வினோதம். அவர்களுக்கு மாமாவும் சித்தப்பாவும் ஒரே 'அங்கிள்', அத்தை மகனும் பெரியம்மா மகனும் ஒரே 'கசின்'.

இந்த முறை செனெகாக்களுக்கு மட்டுமே உரியது என்று மார்கன் முதலில் நினைத்திருந்தார். 1858இல் மொழியே வேறான ஓஜிப்வா மக்களிடமும் அதைக் கண்டார். உடனே இருநூறுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை அச்சிட்டு, மிஷனரிகளுக்கும் தூதரகங்களுக்கும் அனுப்பத் தொடங்கினார். 'உங்கள் பகுதியில் அம்மாவின் சகோதரனின் மகனை என்ன சொல்லி அழைக்கிறார்கள்?' என்பது போன்ற கேள்விகள்தாம் முழுவதும். 1859இல், தென்னிந்தியாவில் பணியாற்றிய ஸ்கடர் என்ற மிஷனரி வழியாகத் தமிழ்ச் சொற்கள் அவர் கைக்கு வந்தன. (வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் அதே குடும்பம்.) மார்கன் பட்டியல்களை ஒப்பிட்டார். பூமிப்பந்தின் இரு பக்கங்களில், ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டே இராத இரண்டு மக்கள், உறவினர்களை ஏறக்குறைய ஒரே கட்டங்களில் பிரித்து வைத்திருந்தார்கள்.

அவர் பரவசப்பட்டதில் வியப்பில்லை. அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதுவே சான்று என்று முடிவு கட்டி, 1871இல் பெரிய நூலாக வெளியிட்டார். சான்று உண்மை, அதிலிருந்து முடிவுக்குப் போன வழி தவறு. ஒரே மாதிரி உறவுச் சொற்கள் இருப்பதால் ஒரே வம்சம் என்று ஆகாது. அதைவிட, இரண்டும் முழுக்க ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் தூரத்து உறவுகளுக்குப் போனால் தமிழ் முறையும் இரோக்வா முறையும் வேறு வேறு பாதையில் பிரிகின்றன என்று ஒரு நூற்றாண்டு கழித்துக் கண்டுகொண்டார்கள். ஆனால் மார்கனின் தவறுக்கு அடியில் ஒரு பெரிய விஷயம் கிடைத்தது: உறவு என்பது இரத்தத்தின் பதிவேடு மட்டும் இல்லை. மனிதர்கள் போட்டுக்கொண்ட பாகுபாடும்கூட. எந்த இரத்தத்தை எண்ணுவது, எதை விட்டுவிடுவது என்று ஒவ்வொரு சமூகமும் தனியாகத் தீர்மானிக்கிறது.

நம் பாகுபாட்டின் விதி என்ன? தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். அப்பாவும் அவர் அண்ணன் தம்பிகளும் ஒரு பக்கம். அம்மாவும் அவள் அக்கா தங்கைகளும் அதே பக்கம். அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் எனக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. எங்கே ஓர் ஆணும் அவன் சகோதரியும் பிரிகிறார்களோ அங்கே கோடு விழுகிறது. அப்பாவின் சகோதரி அத்தை. அம்மாவின் சகோதரர் மாமா. அவர்கள் பிள்ளைகள் அத்தான், மச்சான், மச்சினி, முறைப்பெண், முறைமாப்பிள்ளை. இன்னும் ஒரு விஷயம் கவனியுங்கள்: அத்தையின் கணவரும் மாமா, மாமாவின் மனைவியும் அத்தை, மாமனாரும் மாமா, மாமியாரும் அத்தை. மூன்று வேறு வேறு ஆட்களுக்கு ஏன் ஒரே சொல்? மாமன் மகனைக் கட்டினால் மாமனே மாமனார், அவர் மனைவியே மாமியார். கட்டாவிட்டாலும் சொல் அப்படியே நிற்கிறது. அதாவது நம் உறவுச் சொற்கள், யாரைக் கட்டிக்கொள்ளலாம், யாரைக் கட்டக் கூடாது என்று நாம் பிறக்கும் முன்பே வரைந்து வைத்த வரைபடம்.

பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1949-50இல் மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆய்வு செய்தார். 1953இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரத்தை எந்த ஊர்ப் பாட்டியும் ஒரே வரியில் சொல்லிவிடுவார்: ஒரு குடும்பம் நமக்குப் பங்காளி முறையாக இருக்க வேண்டும், அல்லது மாமன் மச்சான் முறையாக இருக்க வேண்டும். துய்மோன் அதிலிருந்து ஒரு படி மேலே போனார். மாமாவை 'அம்மாவின் சகோதரர்' என்று மொழிபெயர்ப்பது பாதி உண்மைதான்; அவர் முதலில் 'அப்பாவுக்கு மச்சான்', பெண் கொடுத்த வீட்டின் ஆள் என்றார். அந்தச் சம்பந்தம் ஒரு கல்யாணத்தோடு முடிந்துவிடுவதில்லை, பிள்ளைகளுக்கும் சொத்து போலக் கைமாறுகிறது. காதுகுத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பதையும், சீர் வரிசை முழுக்க மாமன் வீட்டிலிருந்தே வருவதையும் பாசம் என்று மட்டும் நினைத்திருந்தேன். அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு, பாசத்துக்கு ஒரு சட்டகமும் இருக்கிறது என்று புரிந்தது. பாசம் அதனால் குறைந்துபோகவில்லை, சந்தேகப்பட வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் அத்தையை 'மாமி' என்பார்கள், அத்தை மகளை 'மச்சாள்' என்பார்கள். சொல் மாறுகிறது, கட்டம் மாறவில்லை. மொழிக் குடும்பமே வேறான சிங்களத்திலும் மாமா 'மாமா'தான், மச்சான் 'மஸ்ஸினா'. வடஇந்தியாவுக்குப் போனால் படம் தலைகீழ்: அத்தை மகனும் அங்கே சகோதரன், அவனைக் கல்யாணம் செய்வதா என்று முகம் சுளிப்பார்கள். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் நெருங்கிய உறவுத் திருமணங்களைத் தடுத்துவிட்டு, வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்று ஒரு வாசல் திறந்து வைத்ததே தென்னகத்துக்காகத்தான் என்று தோன்றும். இப்போது நகரத்துப் பிள்ளைகள் எல்லாரையும் 'கசின்' என்று கூப்பிடுகிறார்கள். மொழி கெட்டுவிட்டது என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். மானிடவியல் மாணவிக்கு அது வருத்தம் இல்லை, தகவல். அத்தை மகனைக் கட்டும் வழக்கம் போகிற இடத்தில், அவனைத் தனியே பிரித்துக் காட்டிய சொல்லும் போகிறது.

இதெல்லாம் புத்தகத்தில் படிக்கிற பாதி. மீதிப் பாதி களப்பணி.

களப்பணியின் மூலவர் என்று பாடநூல்கள் கும்பிடுவது புரொனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கியை. போலந்துக்காரர், ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசின் குடிமகன். 1914இல் ஆய்வுக்காக ஆஸ்திரேலியா போன நேரம் உலகப் போர் வெடித்தது. எதிரி நாட்டு ஆள் என்றாலும் ஆய்வைத் தொடர அனுமதி கிடைத்தது. 1915க்கும் 1918க்கும் இடையே இரண்டு முறை போய், நியூகினிக்குக் கிழக்கே உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தார். அதற்கு முன்பும் ஆய்வாளர்கள் தொலைதூர மக்களிடம் போனார்கள்தான். ஆனால் பலர் அதிகாரியின் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஆட்களை வரவழைத்து, மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கேட்டார்கள். மாலினோவ்ஸ்கி ஊருக்குள்ளேயே கூடாரம் அடித்தார், மொழியைக் கற்றார், சண்டையும் சமையலும் நடக்கும்போது அங்கேயே இருந்தார். இதைத்தான் பங்கேற்று உற்றுநோக்கல் என்கிறோம்.

அவர் பார்த்த பெரிய விஷயம் குலா. தீவுகளின் வட்டம் ஒன்றில் சிவப்புச் சிப்பி மாலைகள் கடிகாரச் சுற்றில் போகின்றன. வெள்ளைச் சங்கு வளைகள் எதிர்ச் சுற்றில் வருகின்றன. ஆபத்தான கடலில் படகு ஓட்டிப்போய் ஒரு மாலையைக் கொடுத்து, பின்னொரு நாள் ஒரு வளையைப் பெறுகிறார்கள். பெற்றதை வைத்துக்கொள்ளக் கூடாது, கொஞ்ச காலம் பெருமையாக வைத்திருந்து அடுத்த தீவுக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும். பேரம் பேசுவது அவமானம். பேரம் பேசும் சாதாரண வியாபாரத்துக்குத் தனிப் பெயரே உண்டு. எதற்கு இந்தப் பாடு? மாலைக்காக இல்லை. மாலை போகும் வழியில் உறவும் நம்பிக்கையும் போட்டியும் பெயரும் புகழும் போகின்றன. 1922இல் அவர் எழுதிய நூல், 'மனிதன் லாபத்துக்காக மட்டும் கொடுக்கல் வாங்கல் செய்கிறான்' என்ற எண்ணத்தில் பெரிய ஓட்டை போட்டது.

1925இல் பிரெஞ்சுக்காரர் மார்செல் மோஸ் இதையும் வேறு பல ஊர் வழக்கங்களையும் சேர்த்து வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அன்பளிப்பு இலவசம் போலத் தெரியும், ஆனால் அதில் மூன்று கட்டாயங்கள் இருக்கின்றன: கொடுக்க வேண்டும், வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்பித் தர வேண்டும். எங்கள் வகுப்பில் இது ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது, ஏனென்றால் எல்லார் வீட்டுப் பீரோவிலும் மொய் நோட்டு இருந்தது. கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு, ஊர், பெயர், தொகை என்று எழுதி, பந்தி முடிந்ததும் பத்திரமாக எடுத்து வைக்கும் அந்த நோட்டு. யாருக்காவது பத்திரிகை வந்தால் அப்பா அதைத்தான் முதலில் புரட்டுவார். அவர்கள் நமக்கு ஐந்நூறு செய்திருந்தால் நாம் ஐந்நூறை அப்படியே திருப்புவதில்லை. கொஞ்சம் கூட்டிச் செய்கிறோம். கணக்கு நேராகிவிட்டால் உறவு முடிந்த மாதிரி. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஆடி மாதத்தில் கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமல் மொய்க்காகவே விருந்து வைப்பார்கள். மோஸ் வந்து பார்த்திருந்தால் இன்னொரு அத்தியாயம் எழுதியிருப்பார்.

மாலினோவ்ஸ்கியைக் கும்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1967இல், அவரது சொந்த நாட்குறிப்பு வெளியானது. சலிப்பு, கோபம், நாவலில் மூழ்கிக் கிடந்த பகல்கள், தீவு மக்களைப் பற்றிய இழிவான வரிகள் எல்லாம் அதில் இருந்தன. துறையே அதிர்ந்தது. 1971இல் ஆனட் வெய்னர் என்ற ஆய்வாளர் அதே தீவுகளுக்குப் போனபோது இன்னொன்று தெரிந்தது: சாவுச் சடங்குகளில் பெண்கள் வாழையிலைக் கட்டுகளை ஆயிரக்கணக்கில் கைமாற்றுகிறார்கள், அது அவர்களுடைய செல்வம், அதிகாரம். முன்னவர் அந்தப் பக்கத்தைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு ஆண்டு கூடாரத்தில் இருந்தவர் கண்ணிலும் பாதி ஊர் படவில்லை என்றால், மூன்று மணி நேரம் உட்கார்ந்த என் கதையைச் சொல்லவே வேண்டாம்.

எங்கள் முதல் களப்பயிற்சி மூன்று மணி நேரம் ஓர் இடத்தில் இருந்து பார்த்ததை எழுதுவது. நான் ஊரில் கோயில் வாசலில் பூ விற்கும் ஒரு பெண்ணின் அருகே நின்றேன். எழுதியது இப்படி இருந்தது: 'பூக்காரர் மல்லிகை விற்றார். வாடிக்கையாளர்கள் பேரம் பேசினர். வியாபாரம் சுமாராக நடந்தது.' ஆசிரியை சிவப்பு மையில் மூன்று கேள்வி எழுதித் திருப்பினார். எவ்வளவு பூ? யாரிடம் பேரம்? என்ன சொல்லிக் கூப்பிட்டார்?

மறுபடி போனேன். முதல் கேள்விக்கே திணறினேன். பூ முழத்தில் விற்கிறது. முழம் என்பது முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, யாருடைய கை? விற்பவரின் கை. அந்தக் கையும் எல்லாருக்கும் ஒரே மாதிரி நீளவில்லை. முகம் தெரியாதவருக்குச் சரத்தை இழுத்துப் பிடித்து, விரலை லேசாக மடக்கி அளந்தார். தினமும் வருபவருக்குச் சரம் தொய்ந்து விழுந்தது, கடைசியில் நாலு பூ கொசுறும் போனது. தராசு இல்லாத கடையில் முழமே ஒரு உறவுப் பதிவேடாக இருந்தது.

கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதும்போதுதான் முதல் வார வரைபடம் திரும்பி வந்தது. வாலிபர்களை 'தம்பி' என்றார், பெரியவர்களை 'ஐயா' என்றார், பெண்களை 'அக்கா', 'ஆத்தா', 'தங்கச்சி' என்றார். மூன்று மணி நேரத்தில் வாய் தவறியும் ஓர் அந்நிய ஆணை 'அத்தான்' என்றோ 'மச்சான்' என்றோ கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் நடத்துநரை நான் 'அண்ணா' என்று கூப்பிடுவது வெறும் மரியாதை என்று இருபத்திரண்டு வயது வரை நினைத்திருந்தேன். அது ஒரு வேலி. முன்பின் தெரியாத ஆணைப் பங்காளிப் பக்கத்துக் கட்டத்தில் நிறுத்திவிட்டு, பிறகுதான் டிக்கெட் கேட்கிறேன்.

ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. எதிர்க் கடை முதியவர் அந்தப் பூக்காரரைப் போகும்போதும் வரும்போதும் 'என்ன கொழுந்தியா' என்று வம்புக்கு இழுத்தார். அவரும் பதிலுக்கு நன்றாகவே கொடுத்தார். விசாரித்தால் ஊர் வழியில் அவர் மாமன் முறை. மாமன் மச்சான் முறைக்குக் கேலி உரிமை. பங்காளி முறைக்கு அதே கேலி குற்றம். மானிடவியலில் இதற்குக் கேலி உறவு என்று ஒரு தலைப்பே உண்டு. ஆப்பிரிக்க எடுத்துக்காட்டுகளை வைத்து பிரிட்டிஷ் மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் இதை விளக்கியிருந்தார். நான் பரீட்சையில் பூக்கடையை எழுதினேன்.

இரண்டாம் நாள் முடிவில் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டார். நேற்றிலிருந்து நிற்கிறாய், பூ வாங்கவில்லை, நோட்டில் எழுதுகிறாய், இடத்தைக் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்களா என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. முதலில் சென்று, நான் யார், எதற்கு நிற்கிறேன் என்று சொல்லி, சம்மதம் கேட்டிருக்க வேண்டும். அது மரியாதை மட்டும் அன்று, இந்தத் துறையின் விதி. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள் பெயரையும் ஊரையும் மறைப்பது இன்னொரு விதி. ஸ்ரீனிவாஸ் தான் தங்கிய கிராமத்துக்கு வைத்த 'ராம்புரா' என்ற பெயரும் புனைபெயர்தான்.

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. எங்கள் துறை நோட்டும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு வந்த நாள்கள் அவ்வளவு பெருமையானவை இல்லை. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். ஊர் ஊராகப் போய் மூக்கின் அகலத்தையும் தலையின் நீளத்தையும் அளந்தார். வயநாட்டில் அவரைக் கண்டதும் பணியர் பழங்குடிப் பெண்கள் ஓடினார்களாம். தங்களில் நல்ல உடல்வாகு உள்ளவர்களைப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று பயந்து. இதை அவரே வேடிக்கைபோல எழுதி வைத்திருக்கிறார். எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை. ஆட்சியாளர்களுக்கு மக்களைப் பிரித்து அட்டவணைப்படுத்திக் கொடுத்த வேலையில் இந்தத் துறைக்குப் பங்கு உண்டு. இன்றைய பாடத்திட்டத்தில் நல்ல ஆசிரியர் கிடைத்தால் அதை மறைக்காமல் நடத்துவார்.

இந்தத் துறை மக்கள் பக்கம் நின்றதற்கும் சான்று உண்டு. 1956இல் இலங்கையின் கல் ஓயா பள்ளத்தாக்கில் மானிடவியலாளர் ஸ்டான்லி தம்பையா மாணவர்களோடு ஆய்வு செய்துகொண்டிருந்தார். அங்கே தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தது. தமிழரான அவர் கலவரத்தின் நடுவே மாட்டிக்கொண்டார். பிறகு பல ஆண்டுகள் தாய்லாந்தின் பௌத்தத்தைப் படித்து, ஹார்வர்டில் பேராசிரியராகி, 1980களில் இனக் கலவரங்களைப் பற்றியே எழுதத் திரும்பினார். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இறந்தவர் உடலைக் கழுவித் தொட்டு வழியனுப்பும் வழக்கத்தால் நோய் பரவுகிறது என்று சுகாதாரக் குழுக்கள் உடல்களைப் பறித்துப் புதைத்தன. மக்கள் உடல்களை ஒளித்தார்கள். குடும்பம் எட்ட நின்று பார்க்கட்டும், பிரார்த்தனை செய்யட்டும், கல்லறை எதுவென்று தெரியட்டும் என்று அடக்க முறையை மாற்றியதில் மானிடவியலாளர்களின் ஆலோசனைக்குப் பங்கு உண்டு.

சேர நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்திலும் துறைகள் உள்ளன. பாடங்கள் உறவுமுறை, பொருளாதாரம், அரசியல், சமயம், கோட்பாடுகள், ஆய்வு முறை என்று போகும். கோட்பாட்டுத் தாள்தான் பலரை வாட்டும். தமிழில் படிக்க விரும்புபவர்களுக்குப் பக்தவத்சல பாரதியின் நூல்கள் பெரிய துணை. கலைச்சொற்களில் பாதியை நான் அவரிடமிருந்துதான் எடுத்தேன். குடிமைப் பணித் தேர்வுக்கு விருப்பப் பாடமாக 500 மதிப்பெண்ணுக்கு இதை எடுப்பவர்கள் ஏராளம். என் வகுப்பில் பாதிப் பேர் அதற்காகவே வந்தவர்கள். வேலை என்று பார்த்தால் இந்திய மானிடவியல் ஆய்வகம், உதகையில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையம், அருங்காட்சியகங்கள், பொதுச் சுகாதாரத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள். அண்மைக் காலமாக, மக்கள் ஒரு பொருளை உண்மையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அறிய விரும்பும் கம்பெனிகள். பட்டம் வாங்கிய கையோடு சம்பளம் வேண்டும் என்பவர்களுக்கு இது சரியான படிப்பு இல்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று: குறிப்புகளை இரண்டு படி எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள். ஸ்ரீனிவாஸ் பல ஆண்டுகளாகத் தொகுத்து வைத்திருந்த கிராமக் குறிப்புகள் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் தீயில் எரிந்தன. நினைவிலிருந்தே அவர் அந்த ஊரைப் பற்றி எழுதிய நூல் 1976இல் வந்தது. அவருக்கு முடிந்தது, நமக்கு முடியாது.

முதல் வாரத்து வரைபடத்தை விடுமுறையில் ஐந்து தலைமுறைக்கு நீட்டி வரச் சொன்னார்கள். 1902 வாக்கில் நீலகிரியில் தோடர்களிடம் போய் எழுபதுக்கும் மேற்பட்ட வம்சாவளிகளை எழுதிய பிரிட்டிஷ் ஆய்வாளர் ரிவர்ஸ் வகுத்த முறை இது. இறந்த உறவினரின் பெயரைத் தோடர்கள் உச்சரிக்க மாட்டார்கள் என்பதால், ஒரு குடும்பத்தின் பெயர்களை இன்னொருவரிடம் தனியாகக் கேட்டு எழுதினார் என்று படித்திருந்தேன். அது நூறாண்டுக்கு முந்தைய மலைக் கதை என்று நினைத்துக்கொண்டு அப்பத்தாவிடம் நோட்டோடு போய் உட்கார்ந்தேன்.

தாத்தாவின் பெயர் எனக்குத் தெரியும், அப்பாவின் இனிஷியலிலேயே இருக்கிறது. தாத்தாவின் அப்பா பெயர் வேண்டும். அப்பத்தாவுக்கு அவர் மாமனார். கேட்டதும் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், மூடினார். "மலைமேல் இருப்பாரே" என்றார். எந்த மலை, அப்பத்தா? "கோவணம் கட்டிக்கொண்டு, கையில் கம்போடு." முருகனா? இல்லை என்று தலையாட்டி, மேற்குப் பக்கம் கையைக் காட்டினார். பக்கத்து வீட்டுப் பாட்டி திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தவர், பொறுக்க முடியாமல் "பழனியாண்டி என்று எழுதிக்கொள், அவள் சொல்ல மாட்டாள்" என்றார். அப்பத்தா காதில் விழாத மாதிரி பாக்கு வெட்டினார்.

எழுதி முடித்ததும் தாளை வாங்கிப் பார்த்தார். எழுத்துத் தெரியாது. இதில் நான் எங்கே என்றார். மேலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு வட்டத்தைக் காட்டினேன். கிட்ட வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவு சின்னதாகவா?" என்றார்.